பென்சிலில் எண்ணிய குட்டிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கத்தின் தலைவர் கான்ட்ராக்டர் அவர்களே, அவருக்குப் பக்கத்து நாற்காலியில், இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பக்கத்து நாற்காலியில், அமர்ந்திருக்கும் கலப்பின நாய் மன்றத்தின் அமைப்பாளர் பேக்கரிக்காரர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியாரே, கூடியிருக்கும் நாய் வளர்ப்பவர்களே, விற்பவர்களே, வாங்கி ஏமாந்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். நான் கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே எனக்கும் இருபத்திரண்டு நிமிடம் உண்டு. மணி அடிக்க வேண்டாம்.

நம் டாக்டர் மறைந்து இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரம்! போன வருடம் சங்கத்து நாய்க்கண்காட்சியில் கோப்பை வாங்கிய நாய் ஒன்று செத்தபோது, மூன்றாம் நாளே இதே மண்டபத்தில் கூட்டம் போட்டோம். மலர் வளையம் வந்தது, படம் வந்தது, பிஸ்கட்டும் டீயும் வந்தன. இருபத்தாறு வருடம் நம் நாய்களுக்குப் பிரசவம் பார்த்த மனிதருக்குக் கூட்டம் போட மட்டும் ஏன் ஐந்து வாரம்? மண்டபம் கிடைக்கவில்லை என்கிறார்கள். நான் மண்டபத்துக் காவலாளியிடம் விசாரித்தேன். மண்டபம் ஐந்து வாரமும் காலியாகத்தான் கிடந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் அவரைப் பற்றிப் பேசுவோம். அதற்குத்தானே கூடியிருக்கிறோம்?

கால்நடை மருத்துவர், சங்கத்தின் கௌரவ ஆலோசகர் என்றெல்லாம் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஊரில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. ‘பென்சில் டாக்டர்’ என்றால்தான் தெரியும். வலது காதில் எப்போதும் ஒரு பென்சில். பாதி நாள் அதைக் காதில் வைத்துக்கொண்டே மேசையெல்லாம் தேடுவார். “நர்ஸம்மா, என் பென்சில் எங்க?” என்பார். அந்த அம்மா தலை நிமிராமல், “நாய் தின்னுடுச்சு சார்” என்பார். பெஞ்சில் காத்திருக்கும் நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் பலருக்குப் பயம் போகும்.

இன்று தலைவர் பேசும்போது டாக்டரை ‘தூய இனத்தின் காவலர்’ என்றார். நாம் கைதட்டினோம். அடுத்து எழுந்த பேக்கரிக்காரர், டாக்டர் ‘கலப்பினத்தின் உற்ற தோழர்’ என்றார். அதற்கும் கைதட்டினோம். ஒரே மனிதர் இரண்டாகவும் எப்படி இருந்திருக்க முடியும்? இவர்களில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். இருவருமே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நம் சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் சொல்வோம்: தூய இனம் என்றால் என்ன வளரும், எவ்வளவு வளரும், குணம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும், நான்கு தலைமுறைக்குக் காகிதம் இருக்கிறது, கலப்பு என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது. அவர்கள் சொல்வார்கள்: நீங்கள் அழகுக்காகச் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து நாயை நோயாளி ஆக்கிவிட்டீர்கள்; இரண்டு இனம் கலந்தால் நோய் கிட்டவே வராது. பேக்கரி வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார், ‘கலப்பு என்றால் ஆரோக்கியம்’ என்று. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றன் வீட்டுத் தண்ணீரை ஒன்று குடிக்காது.

டாக்டரிடம் யாராவது குட்டி வாங்க யோசனை கேட்டால் என்ன சொல்வார்? “நல்ல இனமா கலப்பான்னு கேக்காதீங்க. அப்பன் மாடி ஏறுமா? அம்மா மூச்சு விடுமா? கூடப் பொறந்ததுல எத்தனை இருக்கு? இந்த மூணையும் கேளுங்க. மூணாவது கேள்விக்கு விக்கிறவன் மூஞ்சியப் பாருங்க.”

மாடி என்றால் நிஜ மாடி. அவருடைய மருத்துவமனை இருந்த கட்டடத்தில் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வயதுக்கு வந்த நாய் எதுவானாலும் ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். பிறகு அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார். கோப்பை வாங்கியதாகச் சொன்னேனே, அந்த நாய் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டது. நாக்கு நீலமாகிவிட்டது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவர் டாக்டர். உரிமையாளர் பின்னாலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அத ஏன் தூக்கிட்டு வரீங்க?” என்று டாக்டர் கேட்டாராம். “யாராவது எடுத்துட்டா?” என்றாராம் இவர்.

அதே மாடியில், அடுத்த வாரம், கலப்பினக் குட்டி ஒன்று பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. எட்டு மாதம்தான் வயது. அப்பனுக்கு இடுப்பு மூட்டு சரியில்லை, அம்மாவுக்கும் சரியில்லை. இனம் இரண்டானால் என்ன? கெட்ட இடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதே! டாக்டர் அன்றும் யாரையும் திட்டவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுதினார்.

எதில் எழுதினார்? இதைத்தான் சொல்ல வந்தேன்.

பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சினையான நாயை நாலாவது வாரம் அவரிடம் கொண்டுபோவோம். வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விரல் மட்டும் நகரும். பிறகு நோட்டின் இடது பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதுவார். எத்தனை என்று கேட்டால், “பொறந்தா தெரியும்” என்பார். அவ்வளவுதான். குட்டி பிறந்து ஏழாவது வாரம், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நிற்பார். இடது பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டு, வலது பக்கத்தை நம்மிடம் நீட்டுவார். அதில் நம் கையால், பேனாவால், இரண்டு எண் எழுத வேண்டும். பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை. வாங்கிப் பார்க்காமலே மூடிக்கொண்டு போய்விடுவார்.

அந்த இடது பக்கத்தைப் பற்றி நாம் பேசாத பேச்சா? எந்த வீட்டில் என்ன குறை என்று எதிர்க்கட்சிக்கு எழுதிக் கொடுக்கிறார் என்று ஒருவர் சொன்னார். யார் வீட்டில் டீ நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சிரிச்சுப் பேசற டாக்டரை நம்பாதீங்க. ஒருநாள் நம்ம எல்லாரையும் பேக்கரிக்காரர்கிட்ட காட்டிக் குடுப்பாரு.” இதைச் சொன்னது நான்தான். ஒரு முறை அல்ல, பல முறை. இந்த மண்டபத்தில் அதைக் கேட்ட காதுகள் இருபதாவது இருக்கும்.

என் வீட்டு நாய்களை அறியாதவர்கள் இங்கே குறைவு. சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, உருண்டைக் கண். என் கணவர் முப்பது வருடம் பாடுபட்டு உருவாக்கிய வரிசை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவருக்குப் பிறகு அந்த வரிசையைக் காப்பாற்றுவது ஒன்றே என் வேலை என்று இருந்தேன். இப்போது மிச்சம் இருக்கும் பெண் நாய்க்குச் சங்கப் பதிவேட்டில் ஏழு சொல்லில் பெயர். வீட்டில் சீமாட்டி. டாக்டர் வைத்த பெயர் குறட்டை.

ஒருநாள் அவருடைய மேசைக்குக் கீழே படுத்துச் சீமாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் பெருமையாக, “பாருங்க டாக்டர், எவ்வளவு நிம்மதியாத் தூங்கறா” என்றேன். அவர் குனிந்து பார்த்தார். “மேடம், அது குறட்டை இல்ல. அது மூச்சுக்குக் கெஞ்சுறது” என்றார்.

நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம் என் வீட்டுக்கே வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. தெருக்கோடித் தையல்காரர் வீட்டு நாயோடு சீமாட்டியைச் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த நாய்க்கு நீண்ட மூக்கு, ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். அப்பன் யார் என்று தையல்காரருக்கே தெரியாது. ஆனால் பத்து வயதில் மூன்று மாடியையும் ஓடி ஏறி, மேலே போய்த் திரும்பி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வரும் டாக்டரைப் பார்த்து வாலாட்டிய நாய்.

நான் கேட்டேன்: “தையல்காரர் நாய்க்கு என் வீட்டுப் பொண்ணா? நாலு தலைமுறை பேரு சொல்ல முடியுமா அதுக்கு?”

அவர் சொன்னார்: “சம்பந்தம் பேச வரல மேடம். மூக்கு பேச வந்தேன்.”

நான் எழுந்து கதவைத் திறந்து வைத்தேன். அவர் காலணியை மாட்டிக்கொண்டு போனார். பேக்கரிக்காரர்தான் அவரை அனுப்பியிருக்கிறார் என்று அன்றே முடிவு கட்டினேன். சங்கத்தில் எழுத்திலும் புகார் கொடுத்தேன். இரண்டு பக்கம், பிழை இல்லாமல். பிறகு, இந்த வருடமும், சீமாட்டியை அவளுடைய சொந்த அண்ணன் மகனோடுதான் சேர்த்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனதும் நான்தான். ஊரில் வேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். புகார் கொடுத்துவிட்டு அவரிடமே ஏன் போனேன்? அந்தக் கையை நம்பினேன். மனிதரை நம்பவில்லை, கையை மட்டும் நம்பினேன். அப்படியும் நம்ப முடியும் போலிருக்கிறது.

காலை பதினோரு மணி. வெளியே பெஞ்சில் நான்கு பேர். அவர் வயிற்றில் கை வைத்தார், கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. என் மேல் கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து, இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக எண்ணை வாய்விட்டுச் சொன்னார்.

“நாலு, மேடம்.”

பென்சிலால் எழுதினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். “நர்ஸம்மா, கொஞ்சம் தண்ணி” என்றார். தண்ணீர் வரும்போது அவர் இல்லை.

அவருடைய கை மேசையில் இருந்தது. சீமாட்டி அதை நக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஏன் வாய்விட்டுச் சொன்னார், இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்தேன். என் புத்தி அப்படி. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாலாம் நாள் டாக்டரின் துணைவியார் என் வீட்டுக்கு வந்தார். இதோ உட்கார்ந்திருக்கிறார், நான் ஒரு சொல் மாற்றிச் சொன்னாலும் திருத்தட்டும். துணிப்பையிலிருந்து அந்தப் பழுப்பு நோட்டை எடுத்தார்.

“அக்கா, இத உங்க கையில குடுக்கச் சொல்லியிருந்தாரு.”

“எப்ப சொன்னாரு?”

“ரெண்டு வருஷம் முன்னாடி, ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப.”

“அப்ப நான் அவரோட பேசறதே இல்லையே. ஏன் என்கிட்ட?”

“நானும் கேட்டேன் அக்கா. ‘அவங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. அதனால யார் வந்து கெஞ்சினாலும் குடுக்க மாட்டாங்க. அங்கதான் பத்திரமா இருக்கும்’னாரு.”

பெரியோர்களே! என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைப் போல ஒன்று கிடையாது. திட்டா பாராட்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னது பலித்தது. அடுத்த வாரமே தலைவர் என் வீட்டுக்கு வந்தார், கையில் பழக்கூடையோடு. ஆறு வருடமாக என் வாசல் பக்கம் வராதவர்.

“டாக்டர் ஞாபகமா ஏதாவது ஒண்ணு வச்சுக்கணும்னு ஆசை மேடம்.”

“அவர் கேட்டுப் பாக்கற குழாய் இருக்கு. அவங்க வீட்டுல கேட்டு வாங்கித் தரேன்.”

“இல்ல... ஒரு நோட்டு இருந்துச்சே...”

தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். மெதுவாகக் குடியுங்கள்.

மறுநாள் பேக்கரிக்காரர் கேக்கோடு வந்தார். “டாக்டர் கையெழுத்துன்னா எனக்கு உசுரு மேடம்” என்றார். “அது மருந்துக்கடைக்காரருக்கே புரியாதே, உங்களுக்கு எப்படிப் புரியும்?” என்று கேட்டேன். கேக்கை வைத்துவிட்டுப் போனார். கேக் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். இன்று இருவரும் ஒரே காரில் வந்து இறங்கியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது வருடச் சண்டையைத் தீர்த்துவைத்தது டாக்டரின் மரணம் என்று யாராவது பேசுவீர்கள். இல்லை. தீர்த்துவைத்தது இந்த நோட்டு. இந்தக் கூட்டத்தை ஐந்து வாரம் தள்ளிப்போட வைத்ததும் இதுதான்.

அப்படி என்ன இருக்கிறது இதில்? இதோ, என் கைப்பையிலேயே இருக்கிறது. யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

இடது பக்கத்தில் பென்சில் எண். வயிற்றில் அவர் விரல் எண்ணிய குட்டிகள். வலது பக்கத்தில் பேனா எண். நாம் பிறந்ததாகச் சொன்ன குட்டிகள். இவ்வளவுதான் இதில் இருக்கிறது. கையும் ஏமாறும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். ஒன்று கூடக் குறைய இருந்தால் அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஏழுக்கும் நாலுக்கும் நடுவில் உள்ள மூன்று எங்கே போயிற்று? ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில்? வீட்டுக்கு வீடு, வருடத்துக்கு வருடம் இதேதான். மேலண்ணம் பிளந்து பிறந்ததை, மூச்சு முட்டிச் செத்ததை, இரண்டாம் நாள் இதயம் நின்றதை, பின் சுவர் ஓரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ‘பிறந்ததே நாலுதான்’ என்று பேனாவில் எழுதினோம். வாங்க வருகிறவர்களிடம் ‘பிறந்தது எல்லாம் பிழைத்தது’ என்றோம்.

தூய இனத்து வீடுகளிலும் இது இருக்கிறது, கலப்பின வீடுகளிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். எங்கள் பக்கம்தான் அதிகம். பேக்கரிக்காரரே, இப்போதே சிரிக்க வேண்டாம். குறைவு என்று மட்டும்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் பலகையைக் கழற்றும் அளவுக்கு இருக்கிறது.

எல்லோருடைய பக்கத்தையும் இங்கே படிக்கப் போகிறேன் என்று பயந்துதானே பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள்? படிக்க மாட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறேன்.

என் பக்கம்.

என் கணவர் போன பிறகு என் வீட்டில் ஆறு பிரசவம். பென்சிலில் முப்பத்திரண்டு. என் கையெழுத்தில் பத்தொன்பது. பதின்மூன்று குட்டிகளை நான் பிறக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். பால் குடித்தால் மூக்கு வழியாக வரும். விரலால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். விடிவதற்குள் விறைத்துவிடும். அவற்றை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் புதைத்தேன், வெறும் மண்ணில் அல்ல. அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன்! யாருக்காகப் பொய் எழுதினேன்? என் கணவரின் பெயருக்காக. அவர் உருவாக்கிய வரிசையில் குறை இருக்கிறது என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு என் கணவரின் பக்கத்தைத் திருப்பினேன். அவர் உயிரோடு இருந்த காலத்துப் பக்கம்.

பென்சிலில் ஆறு. அவர் கையெழுத்தில்: பிறந்தது ஆறு, இருப்பது மூன்று. பென்சிலில் ஐந்து. பிறந்தது ஐந்து, இருப்பது இரண்டு. ஒரு இடத்தில்கூட அவர் மாற்றி எழுதவில்லை. கடைசி வரிக்குக் கீழே, அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு குறிப்பு: ‘அடுத்த முறை வெளியிலிருந்து, நீண்ட மூக்குள்ள நாயைச் சேர்க்கச் சம்மதம்.’ கையொப்பம், தேதி.

அவர் காப்பாற்றச் சொல்லாத பெயரை, அவர் செய்யாத தவறைச் செய்து, பதினொரு வருடம் காப்பாற்றியிருக்கிறேன்.

நீங்கள் கேட்பீர்கள், டாக்டர் இந்தக் குறிப்பை அன்றைக்கே என்னிடம் காட்டியிருக்கலாமே என்று. சோபா நுனியில் உட்கார்ந்து அவ்வளவு அவமானப்பட்டாரே, நோட்டைத் திறந்து நீட்டியிருந்தால் போதுமே! நானும் கேட்டுக்கொண்டேன். காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். போலிக் கையெழுத்து என்று சொல்லியிருப்பேன். இப்போதுகூட என் கணவரின் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். அவர் ‘ச’ போடும்போது அடியில் ஒரு கொக்கி விழும். இதிலும் விழுந்திருக்கிறது. டாக்டருக்கு என்னை நன்றாகவே தெரிந்திருக்கிறது. நானாகத் திறந்தால்தான் நம்புவேன் என்று விட்டுவிட்டுப் போனார்.

அவர் யாரைக் காட்டிக் கொடுத்தார்? இருபத்தாறு வருடம் நாம் எழுதிய ஒவ்வொரு பொய்யையும் தெரிந்து வைத்துக்கொண்டு, நம் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, நம் நாய்க்குப் பிரசவம் பார்த்த மனிதர் அவர். ஏன் வெளியே சொல்லவில்லை என்று அவர் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. சொல்லியிருந்தால் எத்தனையோ குட்டிகள் பிறந்து துன்பப்பட்டிருக்காது. இரங்கல் கூட்டத்தில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். குறையே இல்லாதவரை நான் இதுவரை நம்பியதில்லை. அவர் தப்பு இது ஒன்றுதான்: நாமே ஒருநாள் சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தார்.

நர்ஸம்மா ஏன் வரவில்லை என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். சங்கத்தோடு மனஸ்தாபம், நோட்டில் பங்கு என்றெல்லாம் காதில் விழுந்தது. அப்படி ஒன்றும் இல்லை. அவர் என் வீட்டில் இருக்கிறார். சீமாட்டிக்கு முந்தாநாள் பிரசவம் ஆயிற்று. ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டு சொட்டாகப் பால் விட்டுக்கொண்டிருக்கிறார். பெண் குட்டி. மூக்கு வழியாகப் பால் வரவில்லை. நான் கிளம்பும்வரை வரவில்லை.

இந்த இடத்தில் டாக்டரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். தலைவரும் எடுத்தார், அமைப்பாளரும் எடுத்தார். எந்தப் பணியை என்று இருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நாளையிலிருந்து இந்த நோட்டு சங்கத்தின் முன்னறையில், மேசை மேல், திறந்து இருக்கும். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உங்களை நம்பி விட்டுவிட்டு வர மாட்டேன். குட்டி வாங்க வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய பக்கங்களை நீங்கள்தான் வந்து திருத்த வேண்டும், உங்கள் கையால். ஒரு மாதம் தருகிறேன். அதற்குப் பிறகு திருத்தாத பக்கங்களை நானே இங்கே படிப்பேன், எனக்குச் சத்தமாகப் படிக்க வரும். வயிற்றில் கை வைத்து எண்ண டாக்டர் நர்ஸம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பென்சில் இனிமேல் அவரிடம். இடது பக்கத்தை யாரும் மடிக்க வேண்டாம்.

கடைசி வரிசையில் நிற்கும் தையல்காரரே, முன்னால் வாருங்கள், நாற்காலி இருக்கிறது. என் வீட்டில் உங்கள் நாயைப் பற்றி நான் சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வராமல் இருந்திருக்காது, அதை நானே நான்கு பேரிடம் சொன்னேன். தவறாகச் சொன்னேன். அதற்கு வயதாகிவிட்டது என்று தெரியும். அதற்கு ஒரு மகன் இருக்கிறதாமே? என் வீட்டுக் குட்டி பிழைத்து வளர்ந்தால், மாடி ஏறினால், இரண்டு வருடம் கழித்து உங்கள் கடைக்கு வருகிறேன். சம்பந்தம் பேச அல்ல. மூக்கு பேச.

இப்போது எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வேண்டாம். இந்தச் சங்கம் இருபத்தாறு வருடம் காத்த மௌனம் போதும்.

டாக்டரின் கடைசிப் பென்சில் எண் இதோ இருக்கிறது. எதிரே வலது பக்கம் காலி. ஏழாவது வாரம் எழுதுவதுதான் வழக்கம். அதுவரை காத்திருக்க மாட்டேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

தலைவரே, உங்கள் பேனாவைக் கொடுங்கள். என்னுடையது வேண்டாம், நாளைக்கு மை வேறு என்று யாராவது சொல்வீர்கள். டாக்டர் வீட்டு அம்மா, நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள். நான் எழுதுவதைப் பார்த்து நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள்.

பிறந்தது நாலு.

இருப்பது ஒன்று.